மூன்றாம் எண் மெஷினில் இருந்தவர்

காகிதப் பொட்டலம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கும்போ படியேறி வந்தபோது, எண்ணெயில் பொரித்த மாண்டாசி பணியாரம்தான் வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்து ஆசையாகக் கையை நீட்டினேன். பிரித்தால் உள்ளே எட்டு ரேம் துண்டுகள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களின் வயிற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறான்.

"இதையா திங்கச் சொல்ற?" என்றேன்.

"அடிப் போடி. இதைப் போட்டா நம்ம மெஷினு பறக்கும். அப்புறம் பாரு, முசூசு ஊரே நம்ம படியில நிக்கும்."

கும்போ என் அண்ணன். மார்க்கெட்டை ஒட்டி, ஆணியும் தகரமும் விற்கும் கடைக்கு மேலே, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நான்கு மெஷின்களோடு இன்டர்நெட் கடை நடத்தினோம். நான்குக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி இணைப்பு. ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய்ச் சூடாக மாண்டாசி தின்று, பக்கத்துக் கடைக்காரியிடம் வம்பு பேசி, மேலே வந்துவிடலாம். வந்து பார்த்தால் பாதிதான் திறந்திருக்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது என் கைபேசியில் ஒரு நொடி தாமதமானாலே நான் பல்லைக் கடிக்கிறேன். அந்தப் பொறுமையெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ! அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு இளகுகிறது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவர்கள் வேண்டிய பக்கங்களை வரிசையாகத் திறந்துகொள்வார்கள். திறந்ததும் 'ஆஃப்லைன்' என்பதை அழுத்திவிட்டு, ஆற அமர உட்கார்ந்து படிப்பார்கள். பார்த்த பக்கத்தை பிரவுசர் அந்த மெஷினின் டிஸ்கிலேயே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் இல்லையா, அந்தப் பிரதியைப் படிக்க நாங்கள் காசு வாங்குவதில்லை. மறுவாரமும் வந்து அதையே படிப்பார்கள். அதனாலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு மெஷின் சொந்தம். பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்றாம் எண். நியாகோண்ட்வே அக்காவுக்கு மூன்று.

கல்யாணம் ஆனாலும் எங்கள் பக்கத்தில் பெண்களைத் தகப்பன் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவள் கோண்ட்வே வீட்டுப் பெண், அதனால் நியாகோண்ட்வே. மார்க்கெட்டில் உசிபா என்ற பொடிமீன் கருவாடு விற்பவள், புதன்கிழமை தவறாமல் வருவாள். குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் படியேறுவாள். அப்படியும் அவள் போனபிறகு அரைநாள் கீபோர்டில் கருவாடு மணக்கும்.

அவள் புருஷன் வைசன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்தார். அங்கேயே செத்து, அங்கேயே புதைக்கப்பட்டார். இவளால் போக முடியவில்லை. அவர் பாடப் போன தேவாலயம் தன் பாடகர் குழுவின் படத்தை இணையத்தில் போட்டிருந்தது. யாரோ உறவுப் பையன் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டோடு வந்தவளுக்கு முதல் தடவை திறந்து கொடுத்தது நான்தான். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கி வந்தது. அவர் முகம் வந்து நின்றபோது "அய்யோ என் ராசா" என்று அவள் கத்தியதில் வாத்தியார் நாற்காலியோடு திரும்பிவிட்டார். வீட்டில் வேறு படம் இல்லையா என்று கேட்டேன்.

"அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு. அது யாரோ போலீஸ்காரன் மாதிரி முறைக்குது. அவரு ஒரு நாளும் அப்படி முறைச்சதில்ல."

காகிதத்தில் அச்செடுத்துத் தரவா என்றும் கேட்டேன்.

"வேணாம்டி. எங்க வீட்டுல கரையான் பைபிளையே தின்னுடுச்சு. இங்கயே இருக்கட்டும். பத்திரமா இருக்கும்ல?"

"இது எங்கக்கா போகப்போகுது?" என்றேன் நான். என் வாயில்தான் சனி.

கும்போ இரண்டு நாளில் ரேமைப் பொருத்தி முடித்தான். பிரவுசர் இனிமேல் பிரதிகளை டிஸ்கில் வைக்காமல் ரேமிலேயே வைத்துக்கொள்ளும்படி நான்கு மெஷின்களிலும் மாற்றினான். எங்கள் டிஸ்குகள் ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தவை. ரேமுக்கு மூச்சு வாங்காது. கரண்ட் போனால் ரேமில் உள்ளதெல்லாம் போய்விடும், அது எங்களுக்கும் தெரியும். போனால் போகட்டும், மறுபடி இழுத்துக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தோம்.

"டிஸ்குல பழைய பிரதி மலை மாதிரி கிடக்கு. அழிச்சிடவா?" என்றான்.

"குப்பைதானே. அழி."

மாண்டாசி தின்று அவன் கை எண்ணெயாக இருந்ததால் நானே பட்டனை அழுத்தினேன்.

உண்மையிலேயே பறந்தது. ஒருமுறை திறந்த பக்கம் அடுத்த தடவை கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. வாத்தியார் கைதட்டினார். புதன்கிழமை நியாகோண்ட்வே வந்ததும், "அக்கா, இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் ஓடியே வருவார் பாருங்க" என்று கேலி வேறு செய்தேன்.

அவள் வழக்கம்போல ஆஃப்லைனை அழுத்தினாள். பக்கம் இல்லை என்றது பிரவுசர்.

"ஒண்ணுமில்லக்கா, புதுசா இழுத்துத் தரேன்" என்று இணைப்பைப் போட்டேன். முகவரியை இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது தடவை ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அப்படி ஒரு தளமே இல்லை. தேவாலயம் எப்போதோ அதை மூடிவிட்டிருக்கிறது. எத்தனை மாதமாயிற்றோ! இவள் வாரந்தோறும் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்ததால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. உலகத்தில் அந்தப் படம் மிச்சமிருந்த ஒரே இடம் எங்கள் மூன்றாம் எண் டிஸ்க். அதைத்தான் நான் குப்பை என்றேன்.

"லைன் சரியில்ல, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அழித்ததை மீட்க கும்போ நாலு நாள் தூங்காமல் என்னென்னவோ செய்தான். ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. தேவாலயத்துக்கு எழுதினோம். படமெடுத்தவர் ஊரைவிட்டே போய்விட்டார், யாரிடமும் பிரதி இல்லை என்று பதில் வந்தது.

"அவங்கதானே தளத்தை மூடினாங்க? அப்படியே சொல்லிடு. பொய்யும் இல்லையே" என்றான் கும்போ.

பொய் இல்லைதான். செவ்வாய்க்கிழமை முழுக்க அதையே சொல்லிப் பழகினேன். புதன்கிழமை அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்ததும், "அக்கா, நான்தான் அழிச்சேன்" என்று வாயில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வேகமா வேணும்னு உன்ன யாருடி கேட்டா?" என்றாள். "நான் கேட்டேனா? மெதுவா வந்தா எனக்கென்ன? நான் எங்க ஓடப் போறேன்?" வாத்தியார் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். திரையில் ஒன்றுமில்லை.

பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "நீ பாத்திருக்கேல்ல அந்தப் படத்த?"

அடுத்தவர் திரையை எட்டிப் பார்க்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்ததே நான்தான்.

"பாத்திருக்கேன்கா. எத்தனையோ தடவை."

"அப்ப சொல்லு."

"ரெண்டாவது வரிசை. இந்தப் பக்கத்திலேர்ந்து மூணாவது ஆள். வாய் தொறந்து பாடிக்கிட்டு…"

"அது எனக்குத் தெரியும். கண்ண மூடினா வருது. இன்னும் எத்தனை நாளைக்கு வருமோ." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாக்காதது எதையாவது சொல்லு."

யோசித்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, இருபது பேர். அதில் ஒருவரின் காலர் மட்டும் ஒரு பக்கம் கோட்டுக்கு வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. அது வைசனா, பக்கத்தில் நின்றவரா என்று சத்தியமாக எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

"காலர்" என்றேன். "இடப்பக்கக் காலர் கோட்டுக்கு வெளிய தூக்கிக்கிட்டு இருந்துச்சு."

அவள் மெல்லத் திரும்பினாள். "நெசமாவா? நான் பாக்கவே இல்லையே… முகத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்." கொஞ்சம் சிரித்தாள். "இருபது பேரு சுத்தி நின்னானுங்க. ஒருத்தன்கூடவா சொல்லல அந்த மனுஷன்கிட்ட?"

"எல்லாரும் பாட்டுல இருந்தாங்கல்லக்கா."

என் கையை விட்டாள். நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து, திரைக்கு எதிரே, ஓர் ஆம்பளையின் கழுத்து உயரத்துக்குக் கையைத் தூக்கினாள். இரண்டு விரலால் காற்றைப் பிடித்து மடித்து உள்ளே தள்ளி, உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டாள்.