குறுக்குக் காற்று

ஜூலை வெயிலில் ஸ்மெதெரெவோவிலிருந்து பெல்கிரேடு போகும் பேருந்தில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஆள் வெந்து செத்தாலும் சரி, குறுக்குக் காற்று மட்டும் மேலே படக் கூடாது. பல்வலி, கழுத்துப் பிடிப்பு, பிள்ளை இல்லாமை என்று செர்பியாவில் எல்லாவற்றுக்கும் ஒரே குற்றவாளி, எதிரெதிரே திறந்து கிடக்கும் இரண்டு ஜன்னல்கள்தான். வாய் திறந்து மறுக்காத குற்றவாளி என்பதால் எந்தப் பழியையும் அதன் தலையில் கட்டலாம்.

மகளோடு அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்த ராத்மிலா, தன் இடது மார்பின் வலியை அந்தக் காற்றின் தலையில் கட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அவள் பெல்கிரேடில் அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தாள். போகும்போது போட்டிருந்த சட்டை வரும்போது மார்பில் பத்தவில்லை. அவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். ஊரும் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே, "சோறு நல்லா இருக்கே" என்றது. கணவன் மியோத்ராக் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதைப் பெரிய பெருந்தன்மை என்று அவன் நினைத்திருக்கலாம்.

பிறகு ஒரு பனிக்காலத்தில் இடப்பக்கம் இறுகத் தொடங்கியது. மெல்ல மெல்லக் கல்லாகி, வலப்பக்கத்தைவிட மேலே ஏறி நின்றது. "சமையலறை ஜன்னல்தான் அண்ணி, வேற என்ன?" என்றாள் நாத்தனார் ஸ்தானா. ரக்கியாச் சாராயத்தில் துணியை நனைத்துப் போட்டாள். முட்டைக்கோஸ் இலையை நசுக்கி வைத்துக் கட்டச் சொன்னாள். மேலே கம்பளி உள்சட்டை. ராத்மிலா எல்லாவற்றையும் செய்தாள். காற்று இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மருத்துவரிடம் போனால் அந்தப் பழைய கதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு வலியே மேல் என்று இருந்துவிட்டாள். பெருமை பொல்லாதது, உடம்பைத் தின்றுவிட்டுத்தான் அடங்கும்.

இப்போது மகள் நெவேனாவுக்கும் மார்பைப் பெரிதாக்கிக்கொள்ளும் அதே ஆசை வந்திருந்தது. இருபது வயது. அடுத்த வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று.

"நீயும் வாம்மா," என்றிருந்தாள் அவள். "உனக்கு எவ்வளவு காலமாச்சு, ஒண்ணும் ஆகலையே! உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியமே."

மகளுக்கும் தெரியும் என்பது ராத்மிலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவளோ சிரித்தாள். "வர்றேன்டா கண்ணு," என்றாள்.

பெல்கிரேடில் அந்த அறுவை சிகிச்சையைச் செய்யவிருந்த டாக்டர் விதோசவா சுற்றி வளைக்காத பெண்மணி. "சிலிக்கான் ஜெல் பையை ஒரு தடவை உள்ள வச்சா ஆயுசுக்கும்னு நினைச்சுக்காதே," என்றார் நெவேனாவிடம். "என்னைக்காவது மறுபடி திறக்க வேண்டி வரும். சிலருக்கு அதைச் சுத்தி வளர்ற சவ்வு இறுகிக் கல்லாயிடும். சிலருக்கு உறை கிழியும். கிழிஞ்சது வெளியில தெரியாது, அதனால அப்பப்போ ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். காம்புல உணர்ச்சி போனா திரும்பாமலும் இருக்கலாம். பால் கொடுக்கறதும் சிலருக்குக் கஷ்டம். சிகரெட்டை விட்டாச்சா?"

"விட்டாச்சு," என்றாள் நெவேனா. காலையில் பால்கனியில் புகைந்தது யாரென்று ராத்மிலாவுக்குத் தெரியும். பொய்யில் தாயும் மகளும் ஒரே அச்சு.

"நீங்க சும்மா பயமுறுத்துறீங்க டாக்டர். எங்க அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகலை. காட்டும்மா!"

ராத்மிலா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இல்ல... போன வாரம் ஒரு காத்து பட்டுடுச்சு. இடப்பக்கம் லேசாப் பிடிச்ச மாதிரி..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சட்டையைக் கழட்டுங்கம்மா."

ஜூலை மாதத்தில் கம்பளி உள்சட்டை. அதைத் தூக்கியதும் வதங்கிய முட்டைக்கோஸ் இலை ஒன்று தரையில் விழுந்தது. ராத்மிலாவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் விரல் வைத்தவர், அங்கேயே நெடுநேரம் நிறுத்தினார்.

"எத்தனை வருஷமா?"

"காத்து பட்டதுதான் டாக்டர்..."

"காத்து இல்லைம்மா." டாக்டரின் குரல் தணிந்திருந்தது. "சவ்வு இறுகியிருக்கு. உள்ள உறையும் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். அக்குள்ல கட்டி இருக்கு. கசிஞ்ச ஜெல்லா, வேற ஏதாவதான்னு பார்த்தாத்தான் தெரியும். நாளைக்கே ஸ்கேன் எடுங்க. உள்ள இருக்கறதை எப்படியும் வெளியில எடுத்தாகணும்."

நெவேனா குனிந்து அந்த இலையைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ராத்மிலா சட்டை மாட்டி வெளியே வந்த பிறகும் அவள் உள்ளே டாக்டரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கு வந்ததும் வெடித்தாள். "ஏம்மா சொல்லலை? நான் கத்திக்குக் கீழ படுக்கப் போறேன், நீ சிரிச்சுக்கிட்டு நிக்கறே!"

"வெட்கமா இருந்துச்சுடா."

"என்கிட்டயா வெட்கம்?"

ராத்மிலா நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "இன்னொண்ணும் சொல்லலை. நீ பொறந்து முதல்முதலா என்கிட்ட பால் குடிச்சப்போ, உன் வாய் பட்டது எனக்குத் தெரியலை. மரக்கட்டை மாதிரி இருந்துச்சு. உன் கன்னம் அசையறதைப் பார்த்துத்தான், சரி, குழந்தை குடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாத் தாய்க்கும் தெரியறது எனக்குத் தெரியாமலே போச்சு."

நெவேனா அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள்.

திரும்பும் பேருந்திலும் அதே புழுக்கம். பாதி வழியில் ராத்மிலா எழுந்து ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். எதிர்வரிசைக்குப் போய் அந்த ஜன்னலையும் திறந்தாள். பேருந்தே பதறியது.

"யம்மா, காத்து! மூடு, மூடு! கழுத்து போயிடும்!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் அலறினார்.

"மூட மாட்டாங்க தாத்தா," என்றாள் நெவேனா. "துண்டை எடுத்துச் சுத்திக்குங்க."

காற்று ராத்மிலாவின் கழுத்திலும் மார்பிலும் அடித்தது. இத்தனை காலம் பழி சுமந்த காற்று, சுகமாகத்தான் இருந்தது.

"வலிக்குதாம்மா?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். "வலிக்குதுடா. ரொம்ப வலிக்குது."

"வியாழக்கிழமை நீ படு, அதை வெளியில எடுத்துடலாம். டாக்டர்கிட்ட என் பேரை அடிச்சு உன் பேரை எழுதச் சொல்லிட்டேன்."

"அப்போ உனக்கு?"

நெவேனா கையில் இன்னும் கசங்கிக் கிடந்த அந்த இலையை ஜன்னல் வழியே வெளியே போட்டாள்.