மாரிவெல்லின் மணிக்கட்டில் ஒரு குறையுமில்லை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பிலிப்பைன்ஸின் செபு தீவில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே நடக்கும் பிஸ்டல் போட்டியை வைத்து ஒரு கதை எழுதுகிறேன் என்று பதிப்பாளர் நண்பரிடம் சொன்னேன். "யாரு சாகிறா?" என்றார். யாரும் சாகவில்லை, ஒரு ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்றேன். "அதெல்லாம் ஒரு கதையா?" என்றார். கதைதான் ஐயா, உட்காருங்கள்.

2

கடல்காற்று தழுவும் காலைப்பொழுதில் மாரிவெல்...

(வேண்டாம். பிஸ்டல் சுடும் மைதானத்தில் ஏது கடல்காற்று? மண்மேடும் பழைய டயரும்தான்.)

மாரிவெல் பல் டாக்டர். தேசியப் போட்டிக்குப் போகும் கிளப் அணியில் நான்கு பேர். நான்காவது இடம் அவளுக்கு என்று பேச்சு. ஆனால் மூன்று வாரமாக அவள் பிஸ்டல் மக்கர் செய்கிறது. சுட்டதும் காலித் தோட்டா வெளியே தெறிக்காமல் பாதியில் மாட்டிக்கொள்கிறது.

"மணிக்கட்டு தளருது, இண்டாய். பொம்பளைக் கைதானே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் அணித் தலைவர் ருஃபினோ. (இங்கே இண்டாய் என்றால் தங்கச்சி, மனோங் என்றால் அண்ணன்.)

"நாள் முழுக்கக் கடைவாய்ப்பல் பிடுங்குற கை, மனோங். உங்களுக்கு ஒண்ணு பிடுங்கிக் காட்டவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

3

(கொஞ்சம் விளக்கம். தாண்டிப் போகாதீர்கள், நியாயம் இதில்தான் இருக்கிறது. பிஸ்டலின் மேல்பகுதியை வெடி பின்னால் தள்ளும், ஸ்பிரிங் முன்னால் தள்ளும். தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்தால் ஸ்பிரிங்கும் லேசாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்பகுதி பாதி வழியிலேயே திரும்பிவிடும், காலித் தோட்டா மாட்டிக்கொள்ளும்.)

கிளப் தோட்டாவுக்கு மருந்து அடைப்பவர் ருஃபினோ. மற்றவர்கள் சொந்தத் தோட்டாக்காரர்கள். கிளப் தோட்டாவில் சுடுபவர்கள் அவரும் மாரிவெல்லும் மட்டுமே. மாரிவெல் தரையைப் பார்த்தாள். ருஃபினோவின் காலித் தோட்டாக்கள் ஆறடி தள்ளிக் கிடந்தன. அவளுடையவை அவள் ஷூவின் மேலேயே விழுந்திருந்தன. ஒரே டப்பாத் தோட்டா!

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரமாக முழங்கையைத் தடவிக்கொண்டே இருந்த மனிதர், பிஸ்டலின் உதை குறையட்டும் என்று மருந்தைக் குறைத்திருக்கிறார். தன் பிஸ்டலுக்கு மட்டும் லேசான ஸ்பிரிங் போட்டுக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

(முதலில் ருஃபினோவை வில்லனாக்கி மீசைகூட வைத்தேன். பிறகு மழித்துவிட்டேன். வலியை மறைத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் பழியை அவள் கையில் போட்டாரே, அதை மன்னிக்க எனக்கு மனசில்லை.)

4

அணிப் பட்டியல் எழுதும் ஞாயிறு. பன்றி வறுவலும் ஓலைப்பொட்டலச் சோறும் வந்திறங்கின. ருஃபினோ மூன்று பெயர்களை எழுதிவிட்டார்.

"மனோங், என் பிஸ்டலை நீங்க சுடுங்க. உங்க ஆம்பளைக் கையால."

மூன்றாவது குண்டிலேயே மாட்டியது.

"எண்ணெய் பத்தல," என்றார்.

எண்ணெய் விட்டார்கள். மறுபடியும் மாட்டியது. மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

மாரிவெல் பையிலிருந்து லேசான ஸ்பிரிங்கை எடுத்து, அங்கேயே பிரித்து மாட்டினாள். எட்டுக் குண்டு சுட்டாள். எட்டுக் காலியும் ருஃபினோவின் காலிகளுக்குப் பக்கத்தில் போய் விழுந்தன.

"அதே மணிக்கட்டுதான், மனோங். எழுதுங்க."

5

ஒரு வரைவில் ருஃபினோ மன்னிப்புக் கேட்டார். கேட்கிற ஆளா அவர்? கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அவள் வேறு கிளப்புக்குப் போனாள். அவள் எதற்குப் போகணும்? அதையும் கிழித்தேன். நண்பர் கேட்ட முடிவில் அவள் பிஸ்டலை ருஃபினோ பக்கம்...

மாட்டேன்.

பேனா இன்னும் ருஃபினோ கையில். நான்காவது வரி காலியாக இருக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே வேறு பெயர் எழுதுவதாக இருந்தால், முதலில் அவள் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லுங்கள்.