பாண்டிராஜின் புதுத்தறிகள்

என் கணவர் கோமதிநாயகம் இறந்த பிறகு, சங்கரன்கோவிலில் துண்டு நெய்யும் எங்கள் விசைத்தறிக் கூடத்தை அவர் தம்பி பாண்டிராஜ் நடத்தினான். அறிவாளி. அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்வான். என் சாப்பாடு அந்தக் கூடத்திலிருந்து வந்ததால் அவன் பேச்சை நான் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

என் கணவரிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்பனை மந்தமான மாதங்களில் பாதித் தறிகளை நிறுத்துவார். ஆட்களை நிறுத்த மாட்டார். இருக்கிற வேலையை முறைபோட்டு எல்லோருக்கும் கொடுப்பார். ஒரு வீட்டிலும் அடுப்பு அணையாது. தீபாவளி ஆர்டர் வரும்போது ஆள் தேட வேண்டியதும் இருக்காது.

பாண்டிராஜ் இதற்குத் தர்மச்சத்திரம் என்று பெயர் வைத்தான். பழைய தறிகளைத் தள்ளிவிட்டுப் புதுத்தறிகளை இறக்கினான். சந்தனம் பூசி மாலையும் போட்டான். மந்தம் வந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினான்.

“தறிதான் மதினி நம்ம சொத்து. ஆளுக்கா பஞ்சம்? பஸ் ஸ்டாண்டுல நின்னு கையத் தட்டுனா வருவானுவ.”

போனவர்கள் ராஜபாளையம் மில் வண்டியில் ஏறினார்கள். அடுத்தது நாம்தான் என்று மிச்சப் பேரும் ஏறிவிட்டார்கள்.

மதுரையிலிருந்து தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. பாண்டிராஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். கையைத் தட்டினானா என்று தெரியாது. கிடைத்த ஆட்கள் அறுந்த நூலை முடிச்சுப் போடத் தெரியாமல் விழித்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தான்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆறுமுகத்தாய் வருவா. அவ வந்தா மத்தவங்களும் வருவாவ.”

போனேன். கூடம் மூடினால் எனக்கு வேறு வழி ஏது? எங்களிடம் பல வருடம் தறி ஓட்டிய ஆறுமுகத்தாய் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அண்ணாச்சி கூப்பிட்டிருந்தா இந்த ஈரக்கையோட வந்திருப்பேன். உங்க கொழுந்தன்ட்டதான் புதுத்தறி இருக்குல்லா, அதுவே நெய்யட்டும். நீங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தேன். நல்ல காப்பி.

ஆர்டர் வேறு கூடத்துக்குப் போனது. தறிகளை விலைபேச பாண்டிராஜ் ஆள் கூட்டிவந்த அன்று, நான் சுவரிலிருந்த என் கணவரின் படத்தைக் கழற்றினேன்.

“மதினி, அதுவும் கம்பெனி சொத்துல்லா?”

“இவரு சேத்து வச்ச சொத்து தினமும் காலையில மில்லுக்குப் போவுது. ஓடிப் போய் அதைப் புடிங்க.”

படத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறேன். நின்றே செய்யும் வேலை, கால் வீங்குகிறது. பாண்டிராஜ் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு ஆலோசனை சொல்கிறானாம். நல்ல கூட்டமாம்.