மூட்டைக்குள் கங்கு

விறகை மண்ணால் மூடிச் சுட்ட மூட்டத்தைப் பிரித்து, கரியை ராத்திரி முழுக்க வெட்டவெளியில் பரப்பி ஆறப்போட்ட பிறகுதான் சாக்கில் கட்டுவாள் தங்கமாரி. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம். இன்றைக்கு வானத்தைப் பார்த்து ஏமாந்தாள். வருஷமெல்லாம் எட்டிப் பார்க்காத மழை, கரி அள்ளுகிற அன்றைக்குப் பார்த்துக் கறுத்துக்கொண்டு நின்றது. நனைந்துவிடுமே என்று பதறி, கடைசியாக அள்ளியதையும் ஆறவிடாமல் சாக்கில் திணித்து, தம்பி முத்துராஜின் லோடு வண்டியில் மதுரைக்கு ஏற்றிவிட்டாள்.

மழை வரவில்லை, காற்றுதான் வந்தது. மிச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவளின் காலடியில், அணைந்துவிட்டது என்று நினைத்த ஒரு கரிக்கட்டி மெல்லச் சிவந்தது.

துடைப்பத்தை அப்படியே போட்டாள். புத்தகத்தில் கார்பன் என்று போட்டிருக்கும் இந்தச் சனியனின் குணம் அவளுக்குத் தெரியாதா? மண் பூசிக் காற்றை அடைத்தால் வேலிக்கருவை விறகு சாம்பலாகாமல் வெந்து கரியாகும். உள்ளே கங்கு இருந்தாலும் வெளியே காட்டாது. காற்றுப் பட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் காற்றுக்கா பஞ்சம்!

போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்காதே என்று திட்டித் திட்டிப் பழக்கியவளே அவள்தான்.

பக்கத்துக் காட்டு இருளாண்டியின் பைக்கில் தொற்றிக்கொண்டாள். "வெரசாப் போங்கண்ணே, தம்பி வண்டியில கங்கு போகுது!" வழியெல்லாம் எங்காவது புகை எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

காரியாபட்டி டீக்கடை முன்னால் வண்டி நின்றிருந்தது. முத்துராஜ் கையில் டீ கிளாஸோடு விழித்தான்.

"ஏலே, மூட்டைய இறக்குடா!"

ஏறி, புறங்கையால் ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டுத் தொட்டுத் தள்ளினாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஒன்று சுட்டது. இருவருமாக உருட்டிக் கீழே தள்ளினார்கள். விழுந்த வேகத்தில் சாக்கு கிழிந்தது. உள்ளே செக்கச்செவேலென்று கங்கு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கு பற்றி எரிந்தது. கடைக்காரம்மா ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

மற்ற மூட்டையெல்லாம் குளிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் தங்கமாரியின் மனசு அடங்கவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தாள். முத்துராஜ் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தான்.

"இதையும் தொட்டுப் பாருக்கா. சுடுதா?"

"இல்லலே... குளுந்துதான் இருக்கு" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவன் கன்னமெல்லாம் கரி. அவள் கையை எடுக்கவே இல்லை.