பதினாறுக்குப் பதினாறு

ஆஸ்பத்திரி ஊழியன் நீட்டிய பிளாஸ்டிக் பையை நஜாத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே அவளுடைய அண்ணன் ஹம்தியின் ஜலாபியா அங்கி, கைபேசி, ஒற்றைச் செருப்பு. இன்னொரு செருப்பு வயலிலேயே கிடக்கும். அதை எடுக்க யாருக்கு நேரம் இருந்தது?

“எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் அதக் காணோம் இதக் காணோம்னு வரக்கூடாது,” என்றான் ஊழியன்.

ஜலாபியாவின் நெஞ்சுப் பக்கம் ரத்தம் காய்ந்து அட்டையாக விறைத்திருந்தது. அவள் அந்த அங்கியின் பைக்குள் கைவிட்டாள். மருந்து பூசிய ரோஸ் நிற மக்காச்சோள விதை ஒரு பிடி வந்தது. நாலாக மடித்த வரைபடம் ஒன்று வந்தது, அவள் கையால் வரைந்தது. கடைசியாக, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏதோ கனமாக விரலில் தட்டியது. பிரித்தாள். லேத்தில் கடைந்த எஃகுப் பின், விரல் நீளம், பளபளவென்று புதிதாக இருந்தது. தலையில் மட்டும் சுத்தியல் அடி விழுந்து ஓரம் பிதுங்கியிருந்தது.

இது விதைப்பு இயந்திரத்தில் அல்லவா இருக்க வேண்டும்? இவன் பையில் என்ன வேலை?

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஹம்தி போன் செய்தபோது அவள் மின்யா நகரத்தில், கல்லூரித் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருந்தாள். “எஞ்சினியரம்மா, பின்னு கொஞ்சம் இறுக்கமா இருக்கே,” என்றான். எதிரே ஒரு மாணவன் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கவனமெல்லாம் அவன்மேல். “இறுக்கமா இருந்தாத்தான் நல்லது. அடிச்சு இறக்கு,” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஹம்தி சிரித்தான். சரி என்றான். பிறகு அதைப் பற்றி அவன் பேசவே இல்லை.

இப்போது வரைபடத்தை மடிமேல் விரித்தாள். முதலில் அவள் போட்டிருந்தது பதினைந்து மில்லிமீட்டர் பின், பதினாறு மில்லிமீட்டர் துளை. பிறகு ஹம்திதான், “பெட்டியெல்லாம் இதுலதான் தொங்கும், கொஞ்சம் தடியாப் போடு” என்றான். பதினைந்தை அடித்துப் பென்சிலில் பதினாறு என்று எழுதினாள். துளையைத் தொடவில்லை. பதினாறுக்குள் பதினாறு எப்படிப் போகும்? முதல் வாரத்தில் தன் மாணவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. தெரியாதவன் செய்கிற தப்பு வேறு. இது பதினைந்து வருஷம் பாடம் நடத்தியவள் செய்த தப்பு.

அந்த இயந்திரம் அண்ணன் தங்கை இருவரும் இரண்டு வருஷம் தொலைபேசியிலேயே சண்டை போட்டு உண்டாக்கியது. ஊரில் ஒருவன் சோளத்துக்கு வரிசை எழுபது சென்டிமீட்டர் என்பான், கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்காரன் அறுபதுக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டான். களிமண்ணில் விதை மேலாக விழ வேண்டும், கரை மணலில் ஆழமாக. கடையில் விற்கிற இயந்திரம் எதற்கும் வளைந்து கொடுக்காது. ஹம்தி பட்டறையில் செய்ததில் குறுக்குச் சட்டத்தில் இரண்டு விதைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கொழு. வேண்டிய அகலத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம், வேண்டிய உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினால் கீழே விழாமல் பிடித்துக்கொள்வது, பெட்டிக்கு ஒன்றாக, அந்தப் பின்தான்.

“என் தங்கச்சி வரைஞ்சா வரைஞ்சதுதான். மயிரிழை மாத்தக் கூடாது,” என்று ஹம்தி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான். டிராக்டர் ஓட்டுகிற ஷஹாத்தா அவனைச் சீண்டுவான்: “அப்ப நீ தும்மறதுக்கும் மின்யாவுக்கு மனு போடுவியா?”

நேற்று முற்பகல் விதைப்பின்போது ஒரு விதைக்குழாய் மண் அடைத்துக்கொண்டது. ஹம்தி அந்தப் பெட்டியை உயர்த்தி வைத்துவிட்டு, அதன் கீழே மல்லாந்து படுத்துக் குச்சியால் குத்தினான். பெட்டி அவன் நெஞ்சில் இறங்கியது. ஷஹாத்தா, இயந்திரத்தை ஏற்றி இறக்குகிற டிராக்டரின் தூக்கியை உயர்த்தித்தான் அவனை இழுத்தெடுத்தான். அதுதான் ஷஹாத்தாவுக்கு வினையாகப் போயிற்று. தூக்கி அதற்கு முன்னால் மேலே இருந்ததா, இவன் கை பட்டுக் கீழே வந்ததா என்று சொல்ல அவன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. பின் ஒடிந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தடாலென்று இறக்கினால் ஒடியாமல் என்ன செய்யும் என்றார்கள்.

இயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த காவல் நிலைய முற்றத்தில் கிடந்தது. நஜாத் போனாள். காவலன் தடுத்தான். “நான் இதோட எஞ்சினியர்,” என்றாள். அவன் வழிவிட்டான்.

துளையில் ஒடிந்த துண்டு இன்னும் இருந்தது. விரலால் தள்ளியதும் உருண்டு வந்து விழுந்தது. வீடு கட்டுகிற முறுக்குக் கம்பி. வரி தெரியாமல் ஹம்தி அதை அரத்தால் ராவியிருந்தான். ஆனாலும் ஒரு பக்கம் வரி மிச்சம் இருந்தது. துளைக்குள் ஆடி ஆடி நடுவில் தேய்ந்து, தேய்ந்த இடத்திலேயே அறுந்திருந்தது. அவள் பையிலிருந்து எஃகுப் பின்னை எடுத்துத் துளையில் வைத்து அழுத்தினாள். முனைகூட நுழையவில்லை. அடுத்த பெட்டியிலும் கட்டடக் கம்பிதான் இருந்தது. அதை உருவிவிட்டு அங்கேயும் வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

லேத்காரனிடம் போய், தங்கச்சி கணக்குத் தப்பு, அரை மில்லி குறைத்துக் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்து நிமிஷ வேலை. சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. அவள் தலை குனியக் கூடாது என்று கம்பியைப் பிடித்து ராவியிருக்கிறான், முட்டாள். நஜாத் அந்த இரும்புச் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். அவன்மேல் வந்த கோபத்தில்தான் முதலில் அழுகை வந்தது. தன்மேல் வந்தது அப்புறம்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய அப்பா ஹாஜி மித்வல்லி உறவுக்காரர்கள் நடுவில் நின்றிருந்தார். கேட்டுக்கு வெளியே, வெறுந்தரையில் ஷஹாத்தா குந்தியிருந்தான். நேற்றிலிருந்து அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவன் அம்மா இவர்களுக்கென்று கூடையில், மாவை வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கொண்டுவந்து மதில் ஓரம் வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை.

“துக்கம் விசாரிக்கப் பந்தல் போடப் போறதில்ல. யாருகிட்டயும் ஆறுதல் வாங்கப் போறதில்ல,” என்று ஹாஜி சொன்னது கேட்டுக்கு வெளியிலும் கேட்டது. ஆறுதல் வாங்க மாட்டோம் என்றால் பழிக்குப் பழி வாங்குவோம் என்று அர்த்தம். அந்தத் தாய்க்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கூடையை அங்கேயே விட்டுவிட்டு மகன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நஜாத் அப்பாவைத் தனியே இழுத்துப் போனாள்.

“அப்பா, ஷஹாத்தா மேல எதுவும் சொல்லாதீங்க.”

“நீ பொம்பளைங்க இருக்கற பக்கம் போ.”

அவள் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். “இது அண்ணன் பையில இருந்துச்சு. துளையும் பதினாறு, இதுவும் பதினாறு. உள்ள போகாதுப்பா. நான்தான் தப்பாப் போட்டுக் குடுத்தேன். இறுக்கமா இருக்குன்னு போன்ல சொன்னான். அடிச்சு இறக்குன்னேன். போகல. கட்டடக் கம்பியப் போட்டு ஓட்டியிருக்கான். அதுதான் அறுந்துருக்கு.”

ஹாஜி பின்னை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். தலையில் இருந்த சுத்தியல் காயத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“எவ்வளவு தப்பு?”

“அரை மில்லி குறைஞ்சிருந்தாப் போதும். நகக்கண்ணு அளவு கூட இல்ல.”

“யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்குத்தான்.”

“இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அதோட நிக்கட்டும்.” பின்னைத் தன் ஜலாபியா பையில் போட்டுக்கொண்டார். “ஒண்ண இன்னிக்கு மண்ணுல வெக்கப் போறேன். இன்னொண்ண நானே கொண்டுபோய் ஜெயில்ல விடவா?”

“ஷஹாத்தாவுக்கும் அம்மா இருக்காப்பா. வெளிய நிக்கறா.”

“அவ புள்ளய அவ பாத்துக்கட்டும்.”

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. எழுபது வயசுக்காரர், ஓட்டமாக நடந்தார்.

நண்பகல் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் எழுத்தரோடு வந்தார். அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டு அவர் கையெழுத்துப் போட்டால்தான். உள்ளே மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்த ஆட்கள் காத்திருந்தார்கள். மருத்துவர் அறையிலேயே மேஜை போட்டு விசாரித்தார்கள். ஹாஜி நாற்காலியில் உட்கார்ந்தார். நஜாத் சுவரோரம் நின்றாள்.

“இறந்தவர் உங்க மகன்தானே?”

“ஆமா.”

“இந்த மரணத்துல யார் மேலயாவது குற்றம் சொல்றீங்களா?”

ஹாஜி தொண்டையைச் செருமினார். எழுத்தர் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தார்.

“டிராக்டர் ஓட்டினவன்...” என்று ஆரம்பித்தார் ஹாஜி.

“அவன் மேல தப்பில்ல,” என்றாள் நஜாத். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “வரைபடம் என்னோடது. அளவு தப்பு. பின்னு துளையில போகாததால அண்ணன் வேற கம்பி போட்டிருந்தான். அது தேஞ்சு அறுந்துருச்சு.”

இளைஞர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாரு?”

“தங்கச்சி. விவசாய எஞ்சினியரிங் சொல்லிக் குடுக்கறேன்.”

“துக்கத்துல பேசறீங்க. இதயெல்லாம் எழுதிட்டா அழிக்க முடியாது, தெரியுமில்ல? பின்னு போகலன்னு சொல்றீங்க. அந்தப் பின்னு எங்க?”

நஜாத் அப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள். அப்பா அதைக் கடைசிவரை வெளியே எடுக்காமல் இருந்துவிட்டால் தன்னால் தாங்க முடியும் என்றும், எடுத்துவிட்டால் தாங்க முடியாது என்றும் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. வெளியே யாரோ கிணற்றடியில் வாளியை இறக்குகிற சத்தம் கேட்டது.

ஹாஜி பைக்குள் கையை விட்டார். பின் மேஜைமேல் உருண்டு எழுத்தரின் தாளில் முட்டி நின்றது.

“எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா,” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

அன்று பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு ஹம்தியை அடக்கம் செய்தார்கள். கேட்டில் குந்தியிருந்த ஷஹாத்தாவைச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டது ஹாஜிதான். வாயால் கூப்பிடவில்லை, கையால் சைகை காட்டினார். சாயங்காலம் பந்தல் போட்டார்கள். சர்க்கரையில்லாத காப்பி சுற்றி வந்தது. ஹாஜி வரிசையில் வந்த எல்லோருக்கும் கை கொடுத்தார், ஷஹாத்தாவின் கையையும் பிடித்தார். நஜாத்திடம் மட்டும் அவர் பேசவில்லை. மூன்றாம் நாளும் பேசவில்லை. ஹம்தியின் மனைவி சபாஹ், “நீயாவது சாப்புடு” என்று ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்தபோது, இவளுக்கு அப்பா சொல்லிவிட்டாரா இல்லையா என்று தெரியாமல் நஜாத் அதை மென்றாள்.

நஜாத் விசாரணைக்கு வரும்படி கல்லூரிக்குக் கடிதம் போயிருந்தது. தேதி இன்னும் வரவில்லை. பத்தாம் நாள் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாதி விதைத்த வயல் அப்படியே கிடந்தது. வேறு டிராக்டர் பிடிக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு ஹாஜி, “அவன் ஆரம்பிச்சத அதுலயே முடிங்க” என்றார். ஷஹாத்தாவைத் தவிர வேறு யாரும் ஓட்ட முன்வரவில்லை. நஜாத் மின்யாவிலிருந்து இரண்டு புதுப் பின்களைக் கடைந்து எடுத்து வந்தாள். பதினைந்தரை. வயலோரத்தில் வைத்து ஒன்றைத் துளையின் வாயில் பிடித்து விட்டாள். தன் கனத்திலேயே அது அடிவரை இறங்கியது. இவ்வளவு சுலபமாக.

ஹம்தி விதைத்த வரிசைகளில் சோளம் ஒரு விரல் உயரம் வந்திருந்தது. அறுபத்தைந்து சென்டிமீட்டர், கயிறு பிடித்தாற்போல நேராக வந்து, வயலின் நடுவில் ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. அந்த இடத்துக்கு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விதைக்குழாயில் அன்றைய மண் இன்னும் இறுகிக் கிடந்தது. ஹாஜி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷஹாத்தா பெட்டியை உயர்த்திப் பின்னைப் போட்டான். பிறகு குனிந்து கீழே போகப் பார்த்தான்.

“நீ மேல ஏறு. நான் பாக்கறேன்,” என்றாள் நஜாத்.

“வேணாம் தங்கச்சி. நான் படுக்கறேன்.”

“ஏறுப்பா.”

அவன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். நஜாத் கறுப்பு உடையோடு மண்ணில் மல்லாந்து, பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள். முகத்துக்கு நேரே கொழுவின் முனையும், அதற்கு மேல் புதுப் பின்னும் தெரிந்தன. குச்சியை எடுத்துக் குழாய்க்குள் விட்டுக் குத்தினாள். மண் பொடிப்பொடியாகக் கன்னத்தில் விழுந்தது.

கண்ணைத் துடைக்கத் தலையைத் திருப்பியபோது இருக்கையில் ஷஹாத்தா தெரிந்தான். தூக்கியின் நெம்புகோலிலிருந்து உடம்பை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தலைமேல் கோத்து, அவளுக்குத் தெரியும்படி உயர்த்தி வைத்திருந்தான். அவள் வெளியே வரும்வரை அப்படியே வைத்திருந்தான்.