பாதி வெட்டிய தலையோடு

இடப்பக்கம் மட்டும் முடி வெட்டி முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து சலூனில் கறுப்புத் தொலைபேசி அடித்தது. சலூன்காரர் கத்தரியைக் கையில் வைத்தபடியே போய் எடுத்தார். எதிர்முனை சொன்னதைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"எழுந்திரிங்க. உங்க அக்கா மெஷின் முன்னாடி உட்கார்ந்துட்டாங்களாம்."

"மீதித் தலை?"

"தலை எங்கயும் ஓடிப்போகாது. அவங்க மனசு மாறிடும். வாங்க சொல்றேன்."

கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்தேன்.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போக ரயிலில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும். அதனால் வாரம் தவறாமல் அவளே அழைப்பாள். "டேய் மூட்டை" என்றுதான் ஆரம்பிப்பாள். சிரிப்பு வந்தால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பளார் பளார் என்று அறைவாள். சின்ன வயதில் பக்கத்தில் இருந்தது என் முதுகு. பிறகு நான் சுமந்த எந்த மூட்டையும் முதுகை அப்படிப் பதம் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவள் தொண்டையில் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. உடம்பு தேறியும் அறையை விட்டு வருவதில்லை, யாரையும் பார்ப்பதில்லை என்றார் அத்தான். செல்போனில் முகம் பார்த்துப் பேசலாமென்றால் கழுத்தைக் காட்ட மாட்டேன் என்றுவிட்டாள். ஒரே ஒரு முறை எழுதி அனுப்பினாள். நானோ நரை விழுந்த பிறகு தொழிலாளர் சங்கத்து மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவன். அவள் செய்தி, லாரியிலிருந்து சரிந்த சரக்கு மாதிரி மொத்தமாக வந்து விழுந்தது. எந்த மூலையைப் பிடித்துத் தூக்குவது என்றே தெரியவில்லை. நான் பாதி படிப்பதற்குள் அவள் பொறுமை போய்விட்டது. 'அவனுக்கு எதுக்கு வீண் சிரமம்' என்று அத்தானிடம் எழுதிக் காட்டினாளாம். அத்தோடு எழுதுவதையும் நிறுத்திவிட்டாள்.

அத்தானுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஊரே தூக்கிப் போட்ட பழங்காலத்துக் கணினிகளைத் தேடிப் பிடித்து, பழைய தொலைபேசிகளை வைத்து அவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பார். அதே கிறுக்குப் பிடித்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் கிடங்குத் தெருவில் அது சலூன்காரர். என் நல்ல காலம். இரண்டு பேரும் சேர்ந்து, வேற்று எழுத்து மட்டுமே தெரிந்த அந்தத் திரைக்கு நம் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து ஏற்றியிருந்தார்கள். எத்தனை விடுமுறை நாளை அதில் தொலைத்தார்களோ. யாருக்காக என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. காலி ஷாம்பு டப்பாக்களுக்கு நடுவில் பச்சைத் திரை ஒன்று. விசைப்பலகையில் நம் எழுத்துகளைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்தில் இருந்த பெட்டியின் தலையில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள். சலூன்காரர் எண்களைச் சுழற்றினார். மறுமுனையில் விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்ததும், ரிசீவரை அந்தக் கிண்ணங்களில் கவிழ்த்து அழுத்தினார்.

"இனிமே வாயைத் திறக்கக் கூடாது. இது சத்தத்தைக் கேட்டுத்தான் எழுத்தாக்குது. நீங்க தும்மினா அதுவும் அங்க எழுத்தாப் போய் நிக்கும்."

திரையில் ஓர் எழுத்து வந்தது. மூ. நின்றது. நான் அதைப் படித்து முடித்த பிறகு, ட். அதன்பின், டை. அக்காவும் தேடித் தேடித்தான் அழுத்துகிறாள் போல. அவள் விரல் அங்கே பட்டதும் எழுத்து இங்கே முளைத்தது. நான் கூட்டிப் படிக்கும் அதே நடை. இத்தனை நாள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த எழுத்து, முதல் தடவையாக என் கூடவே நடந்து வந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்து "அக்கா!" என்று கத்திவிட்டேன்.

இணைப்பு அறுந்தது.

"அட என்னங்க நீங்க!" சலூன்காரர் தலையில் கை வைத்தார். "முடியத்தானே வெட்டினேன், மூளையையுமா எடுத்துட்டேன்?"

மறுபடி சுழற்றினார். டொக் டொக் என்றது. அங்கே ரிசீவர் எடுத்தே கிடந்தது. இன்னொரு தடவை, அதே டொக் டொக். அவள் எழுந்து போயிருந்தால் இனி ஒருநாளும் உட்கார மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். கழுத்துத் துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் விசில் வந்தது. என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

'என்னடா பண்ண'

பதில் அடிக்கப் போனால் என் தடித்த விரல் ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அமுக்கியது. சலூன்காரர் வாலுள்ள சீப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் நுனியால் குத்தினேன்.

'பழக்கம். காதுல வச்சிட்டேன்'

எழுத்து முளைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல வந்தது.

'என்னால உனக்கு சிரமம்'

'சிரமம் இல்ல. பாதித் தலைதான் வெட்டியிருக்கு. மீதி நீ பேசி முடிச்சப்புறம்'

அடித்ததை மறுபடி கூட்டிப் படித்தேன். தப்பாக எழுதிவிட்டேனோ? அப்போது திரையில் குப்பை கொட்டியது.

'ஃணூ??ழ்%ஞ'

"போச்சு, லைன்ல ஏதோ இடிக்குது" என்று முணுமுணுத்தபடி சலூன்காரர் ரிசீவர் பக்கம் கை நீட்டினார். இன்னொரு கொத்து வந்தது. 'ங்ங:ஷூ'. கொஞ்சம் நின்று, இன்னொன்று. பளார், நிறுத்தம், பளார், பளார். அந்தத் தாளம் என் முதுகுக்குத் தெரியும். சலூன்காரரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

குப்பைக்குக் கீழே எழுத்துகள் விறுவிறுவென்று ஓடி வந்தன. அடித்தது அத்தான். நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

'மாப்ள, குப்பையா வருதா? உங்க அக்கா ஃபோன் இருக்கற மேசைய அறையறா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த பிறகு இன்னிக்குத்தான் சிரிக்கிறா'

சலூன்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. பேசக் கூடாது என்று சொன்னவரும் அவர்தானே. பிடித்திருந்த மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கழுத்துத் துணியைக் காட்டி, அதில் முடி இருக்கிறது, பார்த்துக் கண்ணைத் துடை என்று சைகை செய்தார்.

அத்தான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

'அடுத்த தடவ ஃபோனுக்கு அடியில பஞ்சு வச்சிடறேன். இந்தத் தொல்லை இருக்காது'

சீப்பின் வாலை எடுத்தேன்.

'பஞ்சு வேண்டாம் அத்தான்'