'ஆள் இல்லை' என்று வந்த பதில்

டோரதி ஆன்ட்டி போன் செய்தபோது காலை ஒன்பதரை. நான் பெங்களூரில், பொம்மனஹள்ளி ஆபீஸில் இருந்தேன்.

"சிந்து, இன்னைக்கும் டயாலிசிஸ் வண்டி வரல கண்ணு. காலு வீங்கிப்போச்சு. மூச்சு வாங்குது."

ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி அவர். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் அந்த இலவச வண்டிக்கு முன்பதிவு செய்யும் இணையப் பக்கத்தை எழுதியவள் நான். போன வாரம்தான் அது ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமையே வண்டி வரவில்லை. டிரைவர் 'ஆள் இல்லை' என்று பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சர்ச்சுக்குப் போயிட்டு வண்டியக் குத்தம் சொல்லாதீங்க ஆன்ட்டி" என்று கத்திவிட்டு வந்தேன். பெரிய மேதாவி நான்! டயாலிசிஸ் அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் உயிருக்கே ஆபத்து.

டிரைவர் உமேஷுக்குப் போன் போட்டேன்.

"நீங்க அனுப்புற லிங்க்ல பேரு மட்டும்தான் மேடம் வருது. அட்ரஸ் இல்ல, நம்பர் இல்ல. எங்கன்னு போறது? ஆள் இல்லைன்னு அமுக்கிட்டேன்."

பதிவைத் திறந்தேன். ஆன்ட்டி எல்லாம் சரியாகத்தான் நிரப்பியிருந்தார். '#27, நாலாவது கிராஸ்.' பெங்களூர்க்காரர்கள் வீட்டு எண்ணுக்கு முன்னால் அந்த ஹாஷ் குறி போடாமல் விலாசம் எழுத மாட்டார்கள். நான் சோதித்ததோ எங்கள் தர்மபுரி விலாசத்தை வைத்து, அதில் ஹாஷ் கிடையாது. கட்டம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், வந்ததை அப்படியே டிரைவருக்குப் போகும் லிங்க்கில் ஒட்டிவிட்டேன். லிங்க்கில் ஹாஷ் வந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எதுவும் சர்வருக்குப் போகாது. விலாசமும் போச்சு, அடுத்திருந்த போன் நம்பரும் போச்சு. அந்தக் குறியை மாற்றித் தர நிரலில் ஒரே ஒரு வரி போதும். அதை எழுதச் சோம்பல்பட்ட பாவி நான்.

லைனிலேயே இருந்த உமேஷிடம் விலாசத்தைக் கத்திச் சொன்னேன்.

"பக்கத்துலதான் இருக்கேன் மேடம், பத்து நிமிஷம்."

ஆன்ட்டியை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கடவுளே, என் சோம்பலுக்கு அந்த மனுஷியை எடுத்துக்கொள்ளாதே. நிரலில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்குள் மூன்று முறை தப்பாக டைப் அடித்தேன்.

பதினைந்து நிமிடம் கழித்து உமேஷ் கூப்பிட்டான்.

"வண்டில ஏத்திட்டேன் மேடம். உங்ககிட்ட பேசணுமாம்."

போன் கை மாறியது. மூச்சு இரைக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"சிந்து... வெள்ளிக்கிழமை நான் வாசல்லயே உக்காந்திருந்தேன் கண்ணு. சர்ச்சுக்குப் போகல."